2100 வரைக்கும் போகும் கோடுகளை ஜாதகம் மாதிரி படிக்காதீர்கள்

காலநிலை மாற்றம் பற்றி யார் சண்டை போட்டாலும் ஒரு கட்டத்தில் ஒரு வரைபடம் வந்து விழும். இந்தப் பக்கம் 2000, அந்தப் பக்கம் 2100, நடுவில் பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் எவ்வளவு வெளியேறும் என்று பிரிந்து போகும் நாலைந்து கோடுகள். ஒருத்தர் மேல்கோட்டைக் காட்டி உலகமே முடிந்தது என்பார், இன்னொருத்தர் கீழ்க்கோட்டைக் காட்டி எல்லாம் சரியாகிவிடும் என்பார். இரண்டு பேரும் அதை ஜாதகமாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் அதில் எந்தக் கோடும் 'இது நடக்கும்' என்று சொல்லவில்லை. மக்கள்தொகை இப்படி, வளர்ச்சி இப்படி, எரிபொருள் விலை இப்படி, அரசாங்கங்கள் இப்படி நடந்துகொண்டால் உமிழ்வு எவ்வளவு என்ற கணக்கு, அவ்வளவுதான்.

அந்தக் கோடுகளில் ஆர்சிபி 8.5 என்று ஒன்று உண்டு. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் 2100-ல் பூமியின் ஆற்றல் கணக்கில் சதுர மீட்டருக்கு 8.5 வாட் கூடியிருக்கும் உலகம் அது. உமிழ்வைக் குறைக்க யாருமே எதுவும் செய்யாத கணக்குகளிலேயே இது உச்சத்தில் இருப்பது. எப்படியோ அதுவே 'இப்படியே போனால் இதுதான்' என்று ஆகி, ஆயிரக்கணக்கான ஆய்வுகளிலும் தலைப்புச் செய்திகளிலும் ஏறிவிட்டது. 2020-ல் காலநிலை ஆய்வாளர்கள் ஜீக் ஹாஸ்ஃபாதரும் க்ளென் பீட்டர்ஸும் நேச்சர் இதழில் இதைக் கண்டித்து எழுதினார்கள்: அந்தக் கோடு பலிக்க வேண்டுமென்றால் நூற்றாண்டு முடிவுக்குள் நிலக்கரிப் பயன்பாடு ஐந்து மடங்காக வேண்டும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கைப்படி, 2020 இறுதி வரை நடைமுறைக்கு வந்த கொள்கைகளே தொடர்ந்தால் 2100-ல் வெப்பம் சுமார் 3.2 டிகிரி கூடியிருக்கும். நிம்மதிப் பெருமூச்சு விடுகிற எண் இல்லை இது, 3 டிகிரியே பெரிய நாசம்.

இந்தக் குழப்பம் வரும் என்று ஒருத்தர் முன்னாடியே சொன்னார். 2001-லேயே காலநிலை விஞ்ஞானி ஸ்டீபன் ஷ்னைடர், ஒவ்வொரு கோட்டுக்கும் எவ்வளவு சாத்தியம் என்று நிபுணர்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் தாங்களாக ஒன்றை நினைத்துக்கொள்வார்கள் என்று எழுதினார். கோடுகளைப் போட்டவர்களில் இருவரான க்ரூப்ளரும் நாகிசெனோவிச்சும் மறுத்தார்கள். மனிதர்கள் எடுக்கப்போகும் முடிவுக்கு எப்படிச் சாத்தியக்கூறு போடுவது என்பது அவர்கள் கேள்வி. தத்துவமாக அவர்கள் சொன்னது சரிதான், ஆனால் நடைமுறையில் ஜெயித்தது ஷ்னைடர்.

சரி, நிபுணர்கள் ஆரூடம் சொன்னபோது மட்டும் என்ன வாழ்ந்தது? 1970-களில் வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள ஐஐஏஎஸ்ஏ ஆய்வு நிறுவனத்தில் மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் விறகு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஒவ்வொன்றும் முந்தையதை எப்படித் தள்ளிவிட்டு வருகிறது என்று அழகான வளைவுகள் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கில் நிலக்கரி இந்நேரம் ஏறக்குறைய ஒழிந்திருக்க வேண்டும். நிஜத்தில் 2024-ல் உலகம் எரித்தது சுமார் 880 கோடி டன், அதுவரை இல்லாத உச்சம். விறகுகூட 1900-ல் எரித்ததைவிட இன்று அதிகம்தான் எரிகிறது. பழையது போய்ப் புதியது வரவில்லை, பழையதன் மேலேயே புதியது ஏறி உட்கார்ந்தது. சூரிய மின்சாரத்தில் இதற்கு நேர்மாறான தப்பு. சர்வதேச எரிசக்தி முகமை வருடா வருடம் குறைத்துக் கணித்தது, வருடா வருடம் நிஜம் தாண்டிப் போனது. 1954-ல் முதல் சிலிக்கான் செல் வந்ததிலிருந்து 2022 வரை ஆனது உலகம் முதல் 10 லட்சம் மெகாவாட் சூரியத் தகடுகளை நிறுவுவதற்கு. அடுத்த 10 லட்சத்துக்கு இரண்டே வருடம் போதுமாக இருந்தது.

கணிப்பு தப்புவதில் எனக்கு பெரிய கோபம் இல்லை. எனக்குக் கடுப்பாவது அந்தக் கோடுகளுக்கு உள்ளே போட்டு மூடிய அனுமானங்கள். 2 டிகிரிக்குள் நிற்கும் கணக்குகளில் பெரும்பாலானவை 2050-க்கு மேல் காற்றிலிருந்து கார்பனை உறிஞ்சி எடுக்கின்றன. மரமும் பயிரும் வளர்த்து, எரித்து மின்சாரம் எடுத்து, புகையில் வரும் கார்பனைப் பூமிக்குள் புதைக்கும் திட்டம். ஐபிசிசியின் ஐந்தாவது அறிக்கைக் காலத்துக் கணக்குகள் கேட்ட அளவுக்கு இதைச் செய்ய, இந்தியாவின் பரப்பைப் போல ஒன்று முதல் இரண்டு மடங்கு நிலம் வேண்டும் என்று மதிப்பிட்டார்கள். இன்று உலகம் முழுக்க எல்லா வகையிலும் கார்பன் பிடிக்கும் திறன் வருடத்துக்குச் சுமார் 5 கோடி டன், வெளியே விடுவதோ 3,700 கோடி டன்னுக்கு மேல். அப்புறம் ஏன் இந்தக் கோடுகளைப் போடும் கணினி மாடல்களுக்கு இதன் மேல் இவ்வளவு ஆசை? மாடல் தேடுவது செலவு குறைந்த வழியை. நாளைய செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வருடத்துக்கு 5 சதவீதம் தள்ளுபடி போட்டால், 60 வருடம் கழித்து 100 ஆகும் செலவு இன்றைய மதிப்பில் 5 சொச்சம். அப்போது தள்ளிப்போடுவதுதானே மலிவு! அந்த 5 சதவீதத்தை எந்த இயற்பியல் விதியும் தரவில்லை, மனிதர்கள் தேர்ந்தெடுத்த எண் அது.

இதைவிட மோசம் யாருக்கு எவ்வளவு என்கிற விஷயம். இந்திய ஆய்வாளர்கள் தேஜல் கனித்கர், அகில் மைத்ரி, டி. ஜெயராமன் மூவரும் ஆறாவது அறிக்கையில் உள்ள இந்தக் கோடுகளை, அதாவது பாதைகளை, பிரித்துப் பார்த்தார்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவும் தெற்காசியாவும் அவற்றில் 2050-லும் தனிநபர் வருமானத்தில் உலகச் சராசரிக்குக் கீழேதான் நிற்கின்றன. பூமியைக் காப்பாற்றும் கணக்கில் ஏழை ஏழையாகவே இருப்பதை யாரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்யவில்லை, ஒரு எக்செல் வரிசையில் அது நடந்துவிட்டது.

வேறு மாதிரி கணக்கே போட முடியாதா என்றால், முடியும். அதே க்ரூப்ளர் குழு 2018-ல், 2050-க்குள் உலகின் மொத்த ஆற்றல் தேவையையே சுமார் 40 சதவீதம் குறைத்து, அந்தப் புதைக்கும் வித்தை இல்லாமலே 1.5 டிகிரிப் பாதை ஒன்றைப் போட்டுக் காட்டியது. ஆனால் அதற்கு வசதியானவர்கள் நிறையக் குறைக்க வேண்டும். அது எத்தனை மேடையில் பேசப்படுகிறது என்று நீங்களே பாருங்கள்.

மாடல் போடுகிறவர்களிடம் இதைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: நாங்கள் எங்கே குறைத்தால் மலிவு என்றுதான் காட்டுகிறோம், அதற்கு யார் பணம் கொடுப்பது என்பது வேறு கேள்வி, பணக்கார நாடுகள் கொடுத்து ஈடுகட்டலாமே என்பார்கள். ஈடுகட்டிய லட்சணம் நமக்குத் தெரியும். 2020-க்குள் வருடத்துக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-ல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தார்கள், அவர்களே கூட்டிச் சொன்ன கணக்கில்கூட அது முதல்முறை நிறைவேறியது 2022-ல், அதிலும் அரசுகள் வழியாக வந்த பணத்தில் பெரும்பகுதி கடன்.