விடையைச் சரிபார்த்த பிறகுதான் பயிற்சி தொடங்குகிறது

பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் மாதங்களில், ஆங்கில வாசிப்புப் பகுதிக்கான பயிற்சி என்ற பெயரில் நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பழைய வினாத்தாள்களும் மாதிரி வினாத்தாள்களும் கட்டுக்கட்டாக மாணவர்களிடம் கொடுக்கப்படுகின்றன. மாணவர் ஒரு பத்தியைப் படிக்கிறார், கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுதுகிறார், விடைக்குறிப்பைப் பார்த்துச் சரி, தவறு என்று குறியிடுகிறார், மதிப்பெண்ணைக் கூட்டி மேலே எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறார். ஒரு பருவம் முழுவதும் இப்படிச் செய்தும் மதிப்பெண் இருந்த இடத்திலேயே நிற்கும்போது, இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது.

இறுதி வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது இதுதான்: செய்யும் பத்திகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், விடையைச் சரிபார்த்த பிறகு அதே பத்தியோடு உட்காரும் நேரத்தை இரு மடங்காக்குங்கள். மதிப்பெண் போட்டு முடித்ததும் தாளை மூடிவிடும் பழக்கம், படித்ததில் எது புரியவில்லை என்று கண்டுபிடிக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

மதிப்பெண்ணே புரிதலுக்குச் சான்று என்று நினைப்பவர்களுக்காக ஒரு வாக்கியம் எழுதுகிறேன். ‘சிறாவன் நேற்று மாலை துவிலைக் கெணசி மடுக்கையில் வைத்தான்.’ துவிலைக் கெணசியவன் யார்? எப்போது கெணசினான்? கெணசிய துவிலை எங்கே வைத்தான்? மூன்று கேள்விக்கும் நீங்கள் சரியாக விடை சொல்லிவிடுவீர்கள், மூன்று மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் துவில் என்றால் என்ன, கெணசுவது என்ன செயல் என்று உங்களுக்கும் தெரியாது, இவற்றை இட்டுக்கட்டிய எனக்கும் தெரியாது. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வாக்கியத்தை அப்படியே இறக்கி வைக்கும் வித்தையை நம் மாணவர்கள் சிறு வகுப்பிலிருந்தே நன்றாகக் கற்றிருக்கிறார்கள். எளிய கேள்விகளில் அது கைகொடுக்கிறது. ‘ஏன்’ என்றோ, ‘ஆசிரியரின் மனப்பாங்கு என்ன’ என்றோ கேள்வி வந்தவுடன் அது கைவிட்டுவிடுகிறது.

பலவுள் தெரிவு வினாக்களிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்காக நடத்தப்படும் எஸ்.ஏ.டி. தேர்வில் வந்த வாசிப்புக் கேள்விகளை, அவற்றுக்குரிய பத்திகளைக் காட்டாமலேயே மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை ஸ்டூவர்ட் காட்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-இல் வெளியிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைவிடத் தெளிவாகக் கூடுதலான விடைகள் சரியாக இருந்தன. பத்தியையே பார்க்காதவர்கள் பெற்ற மதிப்பெண் அது! ஆகவே ஒரு விடை சரி என்பதற்காக அந்த இடம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சரியான விடைகளையும் ‘இதற்குப் பத்தியில் எந்த வரி சான்று?’ என்று கேட்டுத்தான் ஏற்க வேண்டும்.

சரிபார்த்த பிறகு என்ன செய்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். வகுப்புக்காக நானே எழுதிய ஓர் ஆங்கிலப் பத்தியின் சாரம் இது. ஆற்றின் குறுக்கே அணை கட்டப்படுகிறது. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றின் மேற்பகுதிக்குத் திரும்பும் சால்மன் மீன்களுக்கு வழி வேண்டும் என்று, படிப்படியான நீர்த்தொட்டிகளால் ஆன ஏணி போன்ற அமைப்பைப் பொறியாளர்கள் அணையின் பக்கவாட்டில் கட்டுகிறார்கள். பெரிய மீன்கள் அதில் ஏறிவிடுகின்றன. ஆனால் குஞ்சுகள் கடலை நோக்கி இறங்கும்போது மின்சாரம் எடுக்கும் சுழலிகளில் சிக்கி மடிகின்றன. அடுத்த வாக்கியம் ‘திஸ்’ என்று தொடங்குகிறது: இது, திட்டமிட்டவர்கள் எதிர்பார்க்காத ஒன்று. கேள்வி: திட்டமிட்டவர்கள் எதிர்பார்க்காதது எது?

கணிசமான மாணவர்கள் ‘மீன்கள் ஏணியில் ஏறியது’ என்று எழுதினார்கள். சிலர் ‘அணை’ என்றார்கள், சிலர் ‘சுழலிகள்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்தார்கள். விடைக்குறிப்பைப் பொறுத்தவரை இவை எல்லாம் ஒரே தவறு, ஒரே பூஜ்யம். ஒவ்வொருவரையும் அருகில் அழைத்து ‘இந்த விடையை எந்த வரியிலிருந்து எடுத்தாய்?’ என்று கேட்டபோது, தவறுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று தெரிந்தது. ஒரு பெண்ணுக்கு ‘திஸ்’ என்ற சுட்டு, முந்தைய வாக்கியம் சொல்லும் நிகழ்ச்சி முழுவதையும் குறிக்கலாம் என்பது புதிய செய்தி. அருகில் நிற்கும் பெயர்ச்சொல்லைத்தான் அது சுட்டும் என்று அவள் நம்பியிருந்தாள். ஒரு பையனுக்கு ‘எதிர்பார்க்க’ என்ற பொருள் தரும் ஆங்கில வினைச்சொல்லே தெரியவில்லை. ‘பார்த்தது எது’ என்று கேட்டிருப்பதாக எண்ணி, கண்ணில் பட்டதை எழுதிவிட்டான். இன்னொருவனுக்குச் சொல்லும் தெரிந்திருந்தது, வாக்கியமும் புரிந்திருந்தது. சால்மன் மீன் கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில் பயணம் செய்யும் என்பது மட்டும் தெரியாது. குஞ்சுகள் ஏன் கீழே இறங்குகின்றன என்பது விளங்காமல் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறான். இந்த மூவருக்கும் இன்னும் பத்துப் பத்திகள் கொடுப்பதால் என்ன பயன்? மூவருக்கும் தேவையான மருந்து வேறு வேறு.

அதனால் என் மாணவர்களிடம், தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் எழுதச் சொல்கிறேன். சொல் தெரியவில்லை, வாக்கியம் பிடிபடவில்லை, சுட்டு எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லை, செய்தியே புதிது, கேள்வியைத் தவறாகப் படித்தேன் என்று எதுவாக இருந்தாலும் எழுதலாம். ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதக் கூடாது. அந்தச் சொல்லுக்குள் எல்லாக் காரணங்களும் ஒளிந்துகொள்ளும்.

தமிழ் வழியாகச் சிந்திக்கும் மாணவர்களுக்கு ஆங்கில வாசிப்பில் வரும் இடர்களில் வாக்கிய அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு, அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. ‘உழவர்கள் பெரிதும் நம்பியிருந்த அணை’ என்று நாம் சொல்லும்போது, அடைமொழி முழுவதும் முன்னால் வந்து, பெயர் கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அணை முதலில் வந்துவிடுகிறது. அதன்பின் ‘விச்’ என்று ஒரு கிளை பிரிந்து, அதற்குள் உழவர்கள் வந்து, நம்பிக்கை வந்து, சில நேரம் ஓர் ஆண்டும் ஓர் ஊரும்கூட வந்து, இரண்டு வரிகளுக்குப் பிறகுதான் அணை என்ன ஆயிற்று என்று சொல்லும் வினைமுற்று வருகிறது. அதற்குள் மாணவர் அணையை மறந்து, பக்கத்தில் இருக்கும் உழவர்களை எழுவாய் ஆக்கிவிடுகிறார். வினைமுற்றைக் கண்டுபிடி, அதைச் செய்தது யார் என்று கேள், எழுவாயையும் பயனிலையையும் கோடிட்டு இணை என்று பழக்கினால், இரண்டு மூன்று வாரங்களில் நீண்ட வாக்கியத்தின் மீதுள்ள அச்சம் விலகுவதைப் பார்க்கலாம்.

இதற்கான கருவி தமிழ் வகுப்பிலேயே நம்மிடம் இருக்கிறது. செய்யுளில் சொற்கள் கிடக்கும் வரிசையை மாற்றிப் பொருள் கொள்ளும் முறைகளை நம் இலக்கணம் பொருள்கோள் என்று பெயரிட்டு எட்டு வகையாகப் பிரித்திருக்கிறது. கொண்டுகூட்டிப் பொருள் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, இடையில் கிளை பிரியும் ஆங்கில வாக்கியத்தைக் கூட்டிப் படிப்பது புதிய வேலையே இல்லை. ஆங்கிலப் பத்தியில் வாக்கியத்தின் கடைசியில் ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்ற சொல் வந்து, மூன்று நாடுகளையும் மூன்று எண்களையும் முறையே பொருத்திக்கொள்ளச் சொல்கிறதே, அது நாம் படித்த நிரல்நிறைதான். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே அறையில் அமர்ந்து இதைப் பற்றிப் பேசிக்கொண்டால் மாணவர்களுக்கு எவ்வளவோ நன்மை கிடைக்கும்.

பொருளையே தலைகீழாக்கும் சின்னச் சின்னச் சொற்களையும் தனியாகக் கவனிக்க வேண்டும். ‘எ ஃபியூ’ என்றால் சிலர் இருக்கிறார்கள் என்று பொருள். முன்னால் இருக்கும் அந்த ஓர் எழுத்து போய்விட்டால், அநேகமாக யாருமே இல்லை என்ற தொனி வந்துவிடும். ‘அன்லெஸ்’, ‘ஹார்ட்லி’ போன்றவையும் இத்தகையவையே. பார்வைக்கு எதிர்மறை போலத் தோன்றாமல் எதிர்மறைப் பொருளைச் சுமக்கும் இந்தச் சொற்களைச் சுற்றிக் கேள்வி அமைப்பது, வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு மிகவும் வசதியானது.

சொல்வளத்தைப் பற்றி அளவோடு பேச வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு பக்கமும் மிகை உண்டு. ‘தெரியாத சொல் வந்தால் கவலைப்படாதே, சூழலை வைத்து ஊகித்துக்கொள்’ என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஊகிப்பதற்குச் சுற்றியுள்ள சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்த அறிவுரை சொல்வதில்லை. ஹூ, நேஷன் ஆகிய இருவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பிறர் உதவியில்லாமல் ஒரு கதையைப் போதிய அளவு புரிந்துகொள்ள, அதில் வரும் சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும். 400 சொற்கள் கொண்ட பத்தியில் கணக்கிட்டால், தெரியாதவை எட்டுச் சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்றாகிறது. நாற்பது சொற்கள் தெரியாத ஒரு மாணவரிடம் ஊகிக்கச் சொல்வது நியாயமே அல்ல. அதே நேரத்தில், அகராதியை வைத்துக்கொண்டு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதையும் நான் பரிந்துரைக்கவில்லை. ஒரு பத்தியிலிருந்து ஐந்து சொற்கள் போதும். அவற்றை அவை வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதிவைத்து, அடுத்த வாரம் பொருளை மறைத்துக்கொண்டு நினைவுகூர வேண்டும். படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மறைத்துவைத்து நினைவுகூர்ந்து பார்ப்பதுதான் நீண்ட நாள் தங்கும் என்பதை ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது.

சால்மன் மீனை அறியாத பையனுக்கு நேர்ந்தது, நாம் நினைப்பதைவிடப் பரவலானது. ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை 64 பள்ளி மாணவர்கள் படித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாகக் கருதப்பட்டாலும் ஆட்டத்தை நன்கு அறிந்திருந்தவர்கள், நன்றாக வாசிப்பவர்களாக இருந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட அதை மேலாகப் புரிந்துகொண்டார்கள். தேர்வில் வரும் பத்தி பனிப்பாறையைப் பற்றியும் இருக்கலாம், பழைய அச்சகத்தைப் பற்றியும் இருக்கலாம், தேனீயின் நடனத்தைப் பற்றியும் இருக்கலாம். ஆகவே அறிவியல், வரலாறு, கலை, பொருளியல் என்று பலதுறைச் செய்திகளைத் தமிழில் படிக்கும் பிள்ளை, ஆங்கிலத் தேர்வுக்கும் சேர்த்தே தயாராகிறது. ‘பரீட்சை நேரத்தில் கதைப் புத்தகம் எதற்கு, பத்திரிகை எதற்கு’ என்று அவற்றைப் பிடுங்கி வைக்கும் பெற்றோர்களிடம் இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்தியை முதலில் படிப்பதா, கேள்விகளை முதலில் படிப்பதா என்று மாணவர்கள் எப்போதும் கேட்கிறார்கள். தேர்வறையில் கேள்விகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பத்திக்கு வருவதில் தவறில்லை. பயிற்சியில் மட்டும் கேள்விகளை மறைத்துக்கொண்டு பத்தியை முழுவதும் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டுத்தான் கேள்விகளைத் திறக்க வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. கேள்வியை வைத்துக்கொண்டு படிப்பவர், அந்தக் கேள்விகளுக்கான வரிகளை மட்டுமே படிக்கிறார். மற்ற வரிகள் புரிந்தனவா என்று அவருக்கே தெரியாது.

வேகத்தைப் பற்றிய கவலையையும் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். படித்த வரிக்குக் கண் திரும்பிப் போவது கெட்ட பழக்கம் என்று சில வேக வாசிப்பு வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படித் திரும்பிப் பார்க்க முடியாதபடி, படித்த சொற்களை மறைத்துவிட்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. அதில் வாசகர்களின் புரிதல் குறைந்தது. திரும்பிப் பார்ப்பது வாசிப்பின் இயல்பான பகுதி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்யும் பயிற்சி கடைசிச் சில வாரங்களுக்குப் போதும், அதற்கு முன்னால் அது அவசரத்தை மட்டுமே பழக்கும்.

வகுப்புத் தேர்வு நடத்தும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு மாதத்துக்கு முன்பு கொடுத்த அதே பத்தியை, முற்றிலும் புதிய கேள்விகளோடு மீண்டும் கொடுத்துப் பாருங்கள். விடைகளை மட்டும் மனத்தில் வைத்திருந்தவர் யார், பத்தியை உள்வாங்கியிருந்தவர் யார் என்று அந்த ஒரு தாளே சொல்லிவிடும். ஒவ்வொரு விடைக்கும் சான்று வரியின் எண்ணைக் குறிப்பிட அரை மதிப்பெண்ணை ஒதுக்குங்கள். விடை தவறி, சான்று வரி சரியாக இருந்தால் அந்த அரை மதிப்பெண்ணைத் தயங்காமல் கொடுங்கள், ஏனென்றால் அந்த மாணவர் சரியான இடத்துக்கு வந்துவிட்டார், அவர் தடுக்கி விழுந்த வாக்கியம் எது என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும்.