கோதுமையை விட்டால் இன்சுலினையும் விடலாமா?

"கோதுமையை நிறுத்தினால் டைப் 1 சர்க்கரை நோய் குணமாகும், இன்சுலின் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு. டைப் 1 உள்ளவர்களில் சுமார் 20 பேரில் ஒருவருக்கு சீலியாக் நோயும் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் புண்ணாகும் நோய்) இருக்கும். கதை இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். குளூட்டனை விட்டால் அவர்களுக்குக் குடல் ஆறும், ஆனால் கணையத்தில் அழிந்த, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் திரும்பாது. சொல்லப்போனால், குடல் ஆறிச் சத்து நன்றாகச் சேரும்போது சிலருக்கு இன்சுலின் கூடுதலாகவே தேவைப்படும். அதை நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் சேரும் நிலை) வந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

அப்புறம், சீலியாக் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை விட்டுவிடாதீர்கள்; நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். நோய் உறுதியானவர்கள் பெருங்காய டப்பாவையும் படித்துப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும்.