பழைய கம்ப்யூட்டரில் 'சிவப்புப் பாதரசம்' இல்லை, உடைக்காதீர்கள்

“பழைய பெட்டி மானிட்டரை உடைத்தால் சிவப்புப் பாதரசம் கிடைக்கும், விலை பல லட்சம்” என்று கீழக்கரை, மண்டபம் பக்கம் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. சுத்தப் பொய்.

பெட்டி மானிட்டரின் படக்குழாய்க்குள் பாதரசமே கிடையாது. வெற்றிடம், ஈயம் கலந்த கண்ணாடி, திரையின் உட்புறம் ஒளிரும் பொடிப்பூச்சு, அவ்வளவுதான். பின்னால் வந்த தட்டைத் திரைகள் பலவற்றின் விளக்குக் குழாயில் பாதரசம் உண்டு. அதுவும் சில மில்லிகிராம், வெள்ளி நிறம். சிவப்பான பாதரசச் சேர்மம் வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடைச் சரக்கான சாதிலிங்கம் இருக்கிறது. அதற்கு யார் லட்சம் தருகிறார்கள்?

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கதை பழசு. 2009-இல் சவூதியில் இதே புரளி பழைய சிங்கர் தையல் மிஷின்களின் மேல் கிளம்பி, அவற்றின் விலையைத் தாறுமாறாக ஏற்றியது.

பழைய கம்ப்யூட்டர் கோடிக்கு விற்காதா? அபூர்வமாக விற்கும். 1976-இல் வந்த ஆப்பிள்-1 ஒன்று 2014-இல் 9,05,000 டாலருக்கு ஏலம் போனது. ஆனால் சேகரிப்பவர் காசு கொடுப்பது முழுசாக இருக்கும் பொருளுக்கு, உடைத்த சில்லுக்கு அல்ல. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். உடைந்தால் கண்ணாடி சிதறும்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் கிடந்தால், அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் உள்ள பேட்டரி கசிகிறதா என்று தெரிந்தவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் உப்புக்காற்றில் அரிப்பு சீக்கிரம் பரவும்.