எழும்பூருக்கு பஸ் ஏறினால் போதுமாம்

மூன்று நாளாக இதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே அந்த வீடியோ வந்து விழுந்தது, கூடவே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். இனி முடியாது.

தி.நகரில் நடந்த மேல்படிப்பு வழிகாட்டல் நிகழ்ச்சியின் வீடியோவைத்தான் சொல்கிறேன், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை. மைக் பிடித்த கை நடுங்குகிறது. "வெளிநாட்டுல கலை வரலாறு படிக்கணும்னா என்ன சார் செய்யணும்?" என்று கேட்கிறாள். வழிகாட்ட வந்த பெரியவர் காட்டிய வழி: "சிலை பார்க்க எதுக்கும்மா சீமைக்குப் போகணும்? எழும்பூருக்கு பஸ் ஏறினா போதாதா?" மண்டபமே சிரித்தது. அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பை நானும் பல வருடம் சிரித்திருக்கிறேன்.

அவள் கேட்டது ஒரு கேள்வி. தெரிந்தால் பதில் சொல்லலாம். தெரியாவிட்டால் "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கலாம். இரண்டும் இல்லாமல் கைதட்டல் வாங்கினால் அதற்குப் பெயர் வழிகாட்டலா?

பதில் ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. டிகிரி முடித்துவிட்டுப் போனால் இங்கிலாந்தில் எம்.ஏ. ஒரே வருடம். லண்டனில் கட்டணம் மட்டும் இருபதாயிரம் பவுண்டைத் தாண்டும், வாடகை தனி. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே கிடையாது, ஆனால் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டும். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தால் பல இடங்களில் அவர்களே உதவித்தொகை கொடுக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வேற்றுமொழி வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியக் கலையை எடுப்பவர்களுக்கு அங்கே தமிழ் பெரிய பலம். முதல் டிகிரியை இங்கேயே சென்னை ஸ்டெல்லா மாரிஸிலோ பரோடாவிலோ நுண்கலையில் முடித்துவிட்டு மேல்படிப்புக்குப் போகலாம். இவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

சரி, எழும்பூருக்கு வருவோம். எழும்பூர் எனக்குத் தெரியாததா? ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். கோடை விடுமுறையில் அப்பா கூட்டிப்போகும் இடங்கள் இரண்டு: மெரினா, எழும்பூர் மியூசியம். 1851இல் தொடங்கிய அந்த மியூசியத்தில், சுவரில் பதித்த ஆந்திர அமராவதிச் சிற்பக் கற்கள் முன்னால் எத்தனை முறை முறுக்கு தின்றிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபியின் கல் இங்கே எப்படி வந்தது, மீதி எங்கே போனது என்று ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

2009இல் கலை வரலாறு படிக்க லண்டன் போன முதல் வாரம், பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அதே கற்கள். அதே தாமரை, அதே நாகம். வால்டர் எலியட் என்ற அதிகாரி 1845இல் தோண்டி மெட்ராசுக்குக் கொண்டுவந்தவற்றில் ஒரு பங்கு 1859இல் கப்பல் ஏறியிருக்கிறது. நம்மூரிலேயே பத்து வருடத்துக்கு மேல் கிடந்துவிட்டுப் போன கற்கள். அன்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எழும்பூருக்கு பஸ் ஏறினால் போதாது ஐயா. கல் பாதி அங்கே இருக்கிறது.

அப்புறம் ஒரு வகுப்பு. ஒரு மணி நேரம் ஒரே ஒரு செப்புத்திருமேனியை, அதாவது வெண்கலச் சாமி சிலையைப் பார்த்து, எதையும் படிக்காமல், கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். பீடத்தில் இருந்த துளைகளைப் பற்றிக் கூடப் படித்தவர்கள் என்னென்னவோ எழுதினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உற்சவரைத் தூக்கக் கழி செருகிக் கட்டுகிற இடம் அது. முகம் தேய்ந்திருப்பது நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் ஆனதால். செய்யாறு பக்கத்தில் எங்கள் ஊர்த் திருவிழாவில் சின்ன வயதிலேயே பார்த்தது. அத்தையைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். பேராசிரியர் அதைத்தான் கட்டுரையாக எழுதச் சொன்னார். எழுத உட்கார்ந்தபோது அடுத்த கேள்வி வந்தது: எந்தக் கோயில் உற்சவர் இவர், யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி இந்த ஊருக்கு வந்தார்? அதற்கு அத்தையிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அதைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறைக்குத்தான் படிப்பு என்று பெயர்.

இப்போது வருவார்கள் பாருங்கள், "நம்ம சாமியைப் பத்தி வெள்ளைக்காரன் கிட்டயா கத்துக்கணும்?" என்று. மானமுள்ள கேள்வி, வணக்கம். ஸ்ரீபுரந்தான் நடராஜர் தெரியுமா? அரியலூர் மாவட்டத்தில் பூட்டிக்கிடந்த கோயிலிலிருந்து திருடுபோனவர். 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் காட்சியகம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது, போலி ஆவணங்களை நம்பி. அவர் நம்மவர்தான் என்று நிரூபித்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம். கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுத்து வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். 2014இல் அந்த நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு முன்பு லண்டனுக்குக் கடத்தப்பட்ட பத்தூர் நடராஜர் 1991இல் திரும்பி வந்ததும் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடித்தான். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அங்கே போய், பத்தூரில் கிடைத்த மற்றப் படிமங்களோடு ஒப்பிட்டுச் சாட்சி சொன்னார். மண்டபத்தில் கைதட்டினவர்கள் யாரும் போகவில்லை.

கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமியின் அப்பா தமிழர். மகன் லண்டனில் படித்தது நிலவியல். அப்புறம் 1917இல் பாஸ்டன் மியூசியத்தில் இந்தியக் கலைக்குப் பொறுப்பேற்றார். நடராஜரைப் பற்றி அவர் எழுதியதைத்தான் இன்றும் உலகம் ஒப்பிக்கிறது. தி.நகர் மண்டபத்துக்கு வந்திருந்தால் "தம்பி, நிலவியலை விட்டுடாதே" என்று அனுப்பியிருப்பார்கள்.

பணம். இதில் எனக்கு வாயடைத்துத்தான் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். பாதி உதவித்தொகை, பாதி கடன். அப்போது கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் அடமானம் கேட்டார்கள். எந்தப் புண்ணியவான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாரோ, ஏழரை எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தது. அடகு போனது தாத்தா வீட்டுப் பத்திரம். பணமில்லாத வீட்டுப் பிள்ளையிடம் "போ, எல்லாம் நடக்கும்" என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதே தொகையைக் கொட்டி ஊர் பேர் தெரியாத கல்லூரியில் மேனேஜ்மெண்ட் படித்துத் திரும்பிய பையன்கள் எங்கள் சொந்தத்திலேயே மூன்று பேர். அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லையே?

வேலை கிடைக்குமா என்றால், கிடைத்தது. ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய புகைப்படங்களுக்கு அட்டவணை போடுகிறேன். சம்பளம் சுமார். போதுமா?

அப்பா கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், ஒரு வார்த்தை பேசாமல். சொந்தக்காரர்களிடம் மட்டும் "பொண்ணு லண்டன்ல ஆர்க்கிடெக்சர் படிக்குது" என்று சொல்லி வைத்தார். கடைசிவரை திருத்தவே இல்லை. நானும் திருத்தவில்லை. சித்தப்பா போன மாதம்கூட மாடி எடுக்க பிளான் போட்டுத் தரச் சொன்னார். அப்பாவுக்கு என் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. இப்படி ஒரு மண்டபம் சிரிக்கும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெரியவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை என்று எழுதி இரண்டு முறை அழித்துவிட்டேன். இருக்கிறது.

அந்தப் பிள்ளையை யாருக்காவது தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். அம்மாவோ அப்பாவோ யாரையாவது கூட்டிக்கொண்டு எழும்பூர் மியூசியத்துக்கு வரட்டும். ஆமாம், பஸ் ஏறித்தான். வெண்கலக் கூடத்து வாசலில் நிற்கிறேன். விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து பார்க்கலாம். சனி, ஞாயிறு எது தோதோ சொல்லட்டும், வெள்ளி மட்டும் வேண்டாம். அன்றைக்கு மியூசியம் லீவு.