அந்த வீட்டை அம்மா ஏன் வாடகைக்கு விட்டாள்

இரண்டு நாட்களாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். குடிசைவாசிகளுக்கு அரசு ஒதுக்கிய அடுக்ககத்தில் ஒரு வீட்டு வாசலில் மைக்கை நீட்டி, "இது உங்களுக்கு ஒதுக்கிய வீடா, வாடகைக்கு வந்தீர்களா?" என்று விரட்டி விரட்டிக் கேட்கிறார் அந்த ஆள். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போகிறாள். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். என் நண்பர்களில் நான்கு பேர், "இலவசமாக வீடு வாங்கி வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் கூட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு. எங்களுக்கு அரசு ஒதுக்கிய வீட்டையும் அம்மா வாடகைக்கு விட்டாள். காரணம் தூரம். வேறு ஒன்றும் இல்லை.

சென்னையில் ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தபோது அம்மா பாத்திரம் தேய்த்த மூன்று வீடுகளும் பத்து நிமிட நடையில் இருந்தன. நடுவில் ஒருமுறை ஓடி வந்து எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுப் போவாள். ஊருக்கு வெளியே ஒதுக்கிய அந்த வீட்டுக்குக் குடிபோன பிறகு விடியற்காலை மூன்றே முக்காலுக்கு எழுந்தாள். குடங்களில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஈரம் காயாத கையோடு முதல் பஸ்ஸுக்கு ஓடுவாள். இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் அந்த வீட்டுக்காரம்மா வாயைத் திறக்காமல் கடிகாரத்தைப் பார்ப்பாராம். மூன்று வீடு இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. ஏழாவது படித்த தங்கை, தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடம் போவதையே குறைத்துக்கொண்டாள். பதினொரு மாதம் பொறுத்தோம். பிறகு அந்த வீட்டை ஒரு கொத்தனார் குடும்பத்துக்கு விட்டுவிட்டு, பழைய தெருவுக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீட்டின் பின்பக்க அறை ஒன்றுக்கு வந்தோம். அங்கே வந்த வாடகையைப் போல மூன்று மடங்கு இங்கே கொடுத்தோம். இதில் சம்பாதித்தது எங்கே?

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். கடற்கரைக் குப்பங்களில் போய்ப் பாருங்கள், மாடியிலிருந்து இறங்கினால் கடல். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டே போனார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்துக் குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாக அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். ஏழைக்கு வேலை இருக்கும் இடத்தில்தான் இருப்பிடம் என்பது நான் கண்டுபிடித்த விஷயம் அல்ல. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பைப் பறிப்பது வாழும் உரிமையைப் பறிப்பதுதான் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"விதிப்படி வாடகைக்கு விடக்கூடாதே" என்பீர்கள். கூடாதுதான். தரகர்கள் பத்து வீடுகளை வளைத்துப் போடுவதும் நடக்கிறது, அவர்களைப் பிடிக்கட்டும். ஆனால் மைக் ஏன் தரகர் வீட்டு வாசலுக்குப் போகவில்லை? "எங்கள் வரிப்பணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மா வாங்கிய சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி இல்லையா, ஐயா? "நாங்களும்தான் ரயிலில் இரண்டு மணி நேரம் போய் வருகிறோம்" என்று இன்னொருவர். உங்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது. தாமதமாகப் போனால் உங்கள் வேலை வேறு ஒருத்திக்குப் போய்விடாது.

சரி, நகருக்குள்ளேயே வாடகைக்கு இருந்துகொள்ளலாமே என்கிறீர்களா? வாரியத்தின் பழுதான பழைய அடுக்ககங்களை இடித்துக் கட்டும்போது, வெளியே தங்க ஒரு குடும்பத்துக்கு அரசு கொடுப்பது ஒரே ஒரு தடவை 24,000 ரூபாய். முன்பு 8,000தான், உயர்த்தியதற்கு நன்றி. கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,333 ரூபாய். சென்னையில் அதற்கு எந்தக் கதவு திறக்கும்? முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அதுவும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரைதான். என்னிடம் பத்து மாதம் கேட்டார்கள். கொடுத்துவிடுகிறேன் என்றேன். அடுத்த கேள்வி, "இதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்?" ஆதார் அட்டையில் இருந்த, அரசு ஒதுக்கிய அந்த வீட்டின் முகவரியைப் பார்த்ததும், வீடு உறவினருக்குச் சொல்லி வைத்தது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அன்று என் மனைவி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வருடம் வேலை பார்த்து, வாடகையை ஒரு நாள்கூடத் தாமதிக்காத ஒருவனை அந்த முகவரி ஒரு நொடியில் என்னவாக ஆக்கியது என்று அவளுக்கு நான் எப்படிச் சொல்வேன்?

வேலை இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள். நிலம் இல்லை என்றால், அங்கேயே வாடகைக்கு இருக்க மாதாமாதம் உதவி கொடுங்கள். இரண்டும் முடியாது என்றால் அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் மைக்கை நீட்டாதீர்கள்.

நேற்றிரவு அந்தக் காணொளியைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள். முழுவதும் பார்த்தாள். "நம்மையும் இப்படித்தான் பேசியிருப்பார்களா?" என்று கேட்டாள். தம்பி போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தான்.