சொக்கப்ப நாயக்கன் தெருவில் எழுந்த கேள்வி

தன்னை அறியும் ஞான வழி பற்றிய கட்டுரையில், 'நான் யார் என்ற விசாரணையில் இறங்கியவருக்குக் கோயிலும் வழிபாடும் தேவைப்படாது' என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பின்னாளில் ரமணர் என்று உலகம் அறிந்த 16 வயது வேங்கடராமன், 1896ஆம் ஆண்டு எங்கள் மதுரையில், சொக்கப்ப நாயக்கன் தெருவிலிருந்த சிற்றப்பா வீட்டு மாடியறையில் திடீரென மரண பயத்துக்கு ஆட்பட்டார். உடனே கை கால்களை விறைப்பாக நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, இந்த உடலைச் சுடுகாட்டில் எரித்துவிட்டால் 'நான்' செத்துவிடுவேனா என்று தமக்குள் விசாரித்தார். உடல் அசைவற்றுக் கிடந்தும் 'நான்' என்னும் உணர்வு சற்றும் மங்கவில்லை என்று கண்டுகொண்ட அதே சிறுவன்தான், அதன்பின் அடிக்கடி மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய், நடராசர் முன்பும் அறுபத்துமூவர் முன்பும் கண்ணீர் பெருக நின்றார், முன்பு நண்பர்களோடு போனபோதெல்லாம் அந்த நெகிழ்ச்சி அவருக்கு ஏற்பட்டதில்லை. ஞானம் பக்தியைத் துரத்திவிடும் என்றால் இதை எப்படி விளக்குவது?

அந்தக் கட்டுரை ஆழ்ந்த உறக்கத்தை ஒரே வரியில் கடந்துவிட்டதும் குறையே. கனவில்லாத உறக்கத்தில் பெயரும் உறவும் உலகமும் தோன்றுவதில்லை. ஆயினும் விழித்ததும் 'சுகமாகத் தூங்கினேன்' என்கிறோம். அந்தச் சுகத்தை அறிந்திருந்தது எது என்ற கேள்வி, ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதத்தின் மிக வலுவான வாதங்களுள் ஒன்று. கட்டுரையாளர் அதைத் தனியே விரித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.