இரண்டு பேருக்கும் ஒரே மெட்டு

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் சோண்ட்ஹைம் தியேட்டரில் 'லே மிசராப்' இசை நாடகம் பார்த்துவிட்டு வந்தேன். அதிலிருந்து மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. எழுதிவிட்டால்தான் சரியாகும்.

விக்தர் யூகோ 1862இல் எழுதிய நாவல். நம்மில் பெரியவர்களுக்கு இது புதுக்கதை இல்லை, சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த 'ஏழை படும் பாடு' இதுதான். 1950இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. விடாமல் துரத்துகிற இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை ஜாவர் சீதாராமன் என்றே பேர் நின்றுவிட்டது. எனக்கு இந்தக் கதையை முதலில் சொன்னது அப்பா. படத்தைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் துண்டு துண்டாகச் சொன்ன கதை.

1985 அக்டோபரில் பார்பிக்கன் அரங்கில் தொடங்கிய நாடகம் இது. அன்றைக்கு வந்த விமர்சனங்கள் பலவும் மோசம். ஆனால் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இன்றைக்கும் வருகிறார்கள். 'அது சுற்றுலா வருகிறவர்கள் பார்ப்பது, அவ்வளவு பெரிய நாவலைப் பிழிந்து மூன்று மணி நேரப் பாட்டுக் கச்சேரி ஆக்கிவிட்டார்கள்' என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நாடகம் முழுக்கப் பாட்டுதான், வசனம் என்று தனியாகக் கிட்டத்தட்ட எதுவும் கிடையாது. ஒரு ரொட்டியைத் திருடியதற்கு ஐந்து வருஷம், தப்பிக்கப் பார்த்ததற்குப் பதினாலு, ஆகப் பத்தொன்பது வருஷம் சிறையில் கிடந்து வெளியே வருகிற வால்ஜானுக்கு ஒரு பிஷப் இடம் கொடுக்கிறார். அவன் அவர் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களையே தூக்கிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தும்போது, நான்தான் கொடுத்தேன், இதை மறந்துவிட்டாயே என்று வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டு இரண்டையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார். அப்புறம் தனியாக நின்று வால்ஜான் பாடுகிற பாட்டு இருக்கிறதே, அதில் நன்றி இல்லை, பயம்தான் இருக்கிறது. தன்னை ஒருவர் மன்னித்துவிட்டார் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து அதே மெட்டு திரும்ப வருகிறது. இந்தத் தடவை பாடுவது ஜாவர். கிளர்ச்சி செய்த மாணவர்கள் தெருவில் எழுப்பிய தடுப்பரணில் மாட்டிக்கொண்ட அவனைச் சுடாமல் வால்ஜான் விட்டுவிட்டான். பாலத்தின் மேல் நின்று ஜாவர் பாடும்போது மெட்டு மட்டுமில்லை, சில வரிகள்கூட அப்படியே அவைதான். ஒருவன் மன்னிப்பை வாங்கிக்கொண்டு வேறு மனிதனாகிறான், இன்னொருவன் அதே மன்னிப்போடு வாழ முடியாமல் ஆற்றில் விழுகிறான். மகள் என் கையைப் பிடித்து, "அப்பா, இது அந்தப் பாட்டுதானே?" என்றாள். யாரும் விளக்கிச் சொல்லவில்லை, அவள் காதே கண்டுபிடித்துவிட்டது.

இன்னொன்று. ஃபான்டீன் என்கிற ஏழைத் தாய் தன் குழந்தையை நினைத்தபடியே சாகும்போது ஒரு மெட்டு வரும். பிற்பாடு எப்போனின் தனியாகத் தெருவில் பாடுவதும் அதே மெட்டுதான். ஃபான்டீனின் மகள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த வீட்டில் செல்லமாக வளர்ந்த பெண் இவள். இப்போது இவளுக்கும் போக்கிடம் இல்லை. நாடகம் முடிகிற இடத்தில் வால்ஜானை அழைத்துப்போக இந்த இரண்டு பெண்களும் சேர்ந்து வந்து நிற்கும்போது நான் அழுதுவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. எப்போனினுடைய அப்பா தெனார்டியேவைச் சிரிப்புக்காரனாக்கியது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. செத்தவர்கள் விரலிலிருந்து மோதிரம் கழற்றுகிறவன் அவன், நாவலில் கடைசியில் அமெரிக்கா போய் அடிமை வியாபாரம் செய்கிறான். அரங்கமே அவனுக்குக் கைதட்டியது.

அப்புறம் அந்தச் சுழல் மேடை. 2012இல் நான் முதல் தடவை பார்த்தபோது இருந்தது, 2019இல் அரங்கத்தைப் புதுப்பித்தபோது எடுத்துவிட்டார்கள். 1832 ஜூனில் தோற்றுப்போன அந்த மாணவர்களின் கிளர்ச்சி முடிந்ததும், சத்தமெல்லாம் அடங்கி, தடுப்பரண் மெதுவாகத் திரும்பும். மறுபக்கத்தில் மாணவர்களின் தலைவன் ஆன்ஜோல்ராஸ் சிவப்புக் கொடி மேல் தலைகீழாகச் சரிந்து கிடப்பான். இப்போது உடலை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பின்திரையில் யூகோவே வரைந்த ஓவியங்களை ஒட்டிய காட்சிகள் ஓடுகின்றன, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது திரும்பி முடிகிறவரை அரங்கத்தில் ஒருத்தர்கூட இருமவில்லை, அந்த அமைதி இந்தத் தடவை எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் மகள், "ஒரு ரொட்டிக்கா அப்பா இவ்வளவும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் அப்பாவிடம் இதையேதான் கேட்டிருக்கிறேன். இந்த வாரம் அவளுக்கு நாகையா படத்தைப் போட்டுக் காட்டப் போகிறேன். அது முடிந்ததும் நாவலில் பிஷப் வருகிற முதல் பகுதியை இரண்டு பேரும் சேர்ந்து படிப்பதாகப் பேச்சு.